2026 உலகக் கோப்பை: எந்த மைதானத்துக்கு டிக்கெட் எடுப்பது?

2026 கால்பந்து உலகக் கோப்பையில் இரண்டு மூன்று ஆட்டமாவது நேரில் பார்த்துவிட வேண்டும், அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என்று மூன்று நாடுகளில் பதினாறு மைதானங்கள் இருக்கின்றன, எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே தங்குவது, எப்படிப் போய்வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த முறை மைதானத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆட்டத்தைவிடப் பயணம்தான் அதிகம் நினைவில் நிற்கும்.

முதல் விஷயம், டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை நம்பி ஹோட்டல் போடாதீர்கள். ஃபிஃபா தன் போட்டிகளில் மைதானங்களின் விளம்பரப் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை வைத்துவிடும். அதனால் மெட்லைஃப் ஸ்டேடியம் இப்போது 'நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்', ஏடி அண்ட் டி ஸ்டேடியம் 'டாலஸ் ஸ்டேடியம்'. ஆனால் முதலாவது இருப்பது நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், இரண்டாவது இருப்பது ஆர்லிங்டனில். பாஸ்டன் என்று போட்டிருப்பது ஃபாக்ஸ்பரோ. சான் பிரான்சிஸ்கோ என்பது சான்டா கிளாரா. லாஸ் ஏஞ்சலஸ் என்பது இங்கிள்வுட், மயாமி என்பது மயாமி கார்டன்ஸ், மான்டெரே என்பது குவாதலூபே, குவாதலஹாரா என்பது ஸாப்போபான். எண்ணிப் பாருங்கள், பதினாறில் சரிபாதி, எட்டு மைதானங்கள், பெயரில் இருக்கும் ஊருக்குள்ளேயே இல்லை. இங்கிள்வுட் மாதிரி சில ஊரோடு ஒட்டியவை, அது பெரிய பிரச்சினை இல்லை. ஃபாக்ஸ்பரோவும் சான்டா கிளாராவும் அப்படி இல்லை.

போட்டி ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்காவில் பதினொரு மைதானம், மெக்சிகோவில் மூன்று, கனடாவில் இரண்டு. வான்கூவரிலிருந்து மயாமி வரை நாலாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் பக்கம் வரும், அதனால் 'எல்லா இடத்தையும் தொட்டுவிடலாம்' என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். குரூப் சுற்றை மேற்கு, மத்தி, கிழக்கு என்று மூன்று வட்டாரமாகப் பிரித்து அணிகளின் அலைச்சலைக் குறைத்திருக்கிறார்கள், ரசிகருக்கும் அதுதான் வழி. ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். உதாரணத்துக்கு அர்ஜென்டினாவைப் பின்தொடர ஆசை என்றால் குரூப் சுற்றில் முதல் ஆட்டம் கன்சாஸ் சிட்டி, அடுத்த இரண்டும் டாலஸ். போர்ச்சுகல் என்றால் முதல் இரண்டு ஹூஸ்டன், மூன்றாவது மயாமி. அணியை முடிவு பண்ணினாலே பாதித் திட்டம் தயார். அணி எதுவானாலும் பரவாயில்லை, உலகக் கோப்பைச் சூழல் போதும் என்பவருக்குத்தான் மைதானத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் முக்கியமாக அவருக்கு.

விமானம் இல்லாமல் இரண்டு மைதானங்களை இணைக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான் என்பேன். ஒன்று, கிழக்குக் கரையில் பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா. ஆம்ட்ராக் ரயிலில் நியூயார்க்கிலிருந்து ஃபிலடெல்ஃபியா ஒன்றரை மணி நேரம், பாஸ்டன் நாலு மணி நேரம். இரண்டு, சியாட்டிலும் வான்கூவரும், ரயிலிலோ பஸ்ஸிலோ சுமார் நாலு மணி நேரம், நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். மூன்று, டாலஸும் ஹூஸ்டனும், சாலையில் நாலு மணி நேரம். மற்றதெல்லாம் விமானம்தான்.

சரி, மைதானங்களுக்கு வருவோம். முதன்முறை போகிறவருக்கு என் தேர்வு அட்லாண்டா. காரணம் ரொம்பச் சாதாரணமானது: விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா ரயில் நிற்கிறது, அதில் ஏறினால் மைதானத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம். மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தின் இரு பக்கமும் ஆளுக்கொரு நிலையம், ஒன்று வைன் சிட்டி, இன்னொன்று எஸ்இசி டிஸ்ட்ரிக்ட் (பழைய வரைபடங்களில் ஜிடபிள்யூசிசி சிஎன்என் சென்டர் என்று இருக்கும்). பூ இதழ் மாதிரி விரியும் கூரை, உள்ளே ஏசி, எட்டு ஆட்டங்கள், அதில் ஜூலை 15 அரையிறுதியும் ஒன்று. நகரத்தின் நடுவில் இருப்பதால் ஆட்டம் முடிந்து நடந்தே சாப்பிடப் போகலாம். அமெரிக்காவில் இது எவ்வளவு அபூர்வம் என்பது மற்ற மைதானங்களுக்குப் போனால்தான் புரியும்.

ஃபிலடெல்ஃபியாவும் இதே ரகம். ப்ராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலில் தெற்கே கடைசி நிலையம் வரை போனால் போதும், எதிரே மைதானம். கூரை இல்லை, அது ஒன்றுதான் குறை. ஜூலை 4 அன்று இங்கே ஒரு நாக் அவுட் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊரில், அதன் 250வது ஆண்டு நாளில். கூட்டம் கால்பந்துக்கு மட்டும் வராது, ஊரே நிரம்பும், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள்.

சியாட்டில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த மைதானம். லூமன் ஃபீல்டு கட்டும்போதே கால்பந்தையும் மனதில் வைத்துக் கட்டினார்கள், கூரை விளிம்பு சத்தத்தைத் திருப்பி உள்ளேயே அடிக்கும்படி இருப்பதால் பாதிக் கூட்டம் கத்தினாலும் முழுக் கூட்டம் மாதிரிக் கேட்கும். விமான நிலையத்திலிருந்து லிங்க் லைட் ரயில் நேராக வருகிறது. ஜூன், ஜூலையில் அங்கே வெயில் இதமாக இருக்கும், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும். வான்கூவரின் பிசி பிளேஸும் ஊர் நடுவில்தான், ஸ்கைட்ரெயினில் ஸ்டேடியம் சைனாடவுன் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. 2015 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இங்கேதான் நடந்தது, கார்லி லாய்டு பதினாறு நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்த ஆட்டம். மூடித் திறக்கும் கூரை இருப்பதால் மழைக் கவலையும் இல்லை.

டொரொண்டோ மைதானம் இருப்பதிலேயே சிறியவற்றில் ஒன்று, சுமார் 45,000 பேர், அதிலும் கணிசமான இருக்கைகள் இந்தப் போட்டிக்காகத் தற்காலிகமாகப் போட்டவை. தற்காலிக இருக்கை என்றால் கம்பிச் சாரத்தின் மேல் உயரமாக இருக்கும், ஏரிக் காற்று நேராக அடிக்கும், உயரம் ஒத்துக்கொள்ளாதவர் டிக்கெட்டில் பகுதி எண்ணைப் பார்த்து வாங்கவும். உறவினர் யாராவது ஸ்கார்பரோ பக்கம் இருந்தால் (நம்மில் பாதிப் பேருக்கு இருப்பார்கள்) கோ ரயிலின் லேக்‌ஷோர் ஈஸ்ட் வழியில் யூனியன் வந்து, அதற்கு அடுத்த நிலையமான எக்சிபிஷனில் இறங்கலாம். காரில் போகும் யோசனையே வேண்டாம்.

ஹூஸ்டனைப் பலர் வெயிலுக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். வெளியே வெயில் உண்மைதான், ஆனால் என்ஆர்ஜி ஸ்டேடியத்தில் கூரையும் ஏசியும் உண்டு, டவுன்டவுனிலிருந்து மெட்ரோரெயில் ரெட் லைன் வாசல் பக்கத்திலேயே விடும். பக்கத்தில் பழைய ஆஸ்ட்ரோடோம் நிற்கிறது, 1965இல் திறந்தது, கூரை போட்ட பெரிய விளையாட்டரங்குகளுக்கெல்லாம் மூத்தது. உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

இனிக் கஷ்டமான இடங்கள். இறுதி ஆட்டம் நடக்கும் மெட்லைஃபிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் கண் அங்கேதான். 82,500 இருக்கைகள், கூரை கிடையாது, சுற்றிலும் சதுப்பு நிலமும் நெடுஞ்சாலையும். மன்ஹாட்டனில் தங்கினால் நியூயார்க் பென் ஸ்டேஷனில் ரயிலேறி, சிகாகஸ் ஜங்ஷனில் மாறி, மெடோலேண்ட்ஸ் நிலையம் வர வேண்டும். கவனம், நூவர்க்கிலும் ஒரு பென் ஸ்டேஷன் இருக்கிறது, பெயரைப் பார்த்துக் குழம்பி அங்கே போய் இறங்கிவிடுபவர்கள் உண்டு. போவது பிரச்சினையே இல்லை, மூன்று நாலு மணி நேரத்தில் பிரிந்து பிரிந்துதான் கூட்டம் போகும். திரும்புவதுதான் சோதனை. 2014இல் இங்கே அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடந்தபோது ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், அதை நியூஜெர்சிக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே கடைசி விசில் ஊதியதும் ஓடாதீர்கள். கோப்பை கொடுப்பதைப் பார்த்து, உட்கார்ந்து, கூட்டம் பாதி வடிந்தபின் கிளம்புங்கள். இன்னொரு யோசனை: தங்குவது மன்ஹாட்டனில்தான் என்று கட்டாயமில்லை. எடிசன், மெட்ரோபார்க் பக்கம் தெரிந்தவர்கள் வீடு இருந்தால் நார்த்ஈஸ்ட் காரிடார் ரயிலில் நேராக சிகாகஸ் வந்து மாறிக்கொள்ளலாம். ஆட்ட நாட்களுக்கென்று ரயில் டிக்கெட்டும் பார்க்கிங்கும் தனியாக முன்பதிவு செய்யும்படி வைக்கிறார்கள், வழக்கமான கட்டணம், வழக்கமான பாஸ் எல்லாம் செல்லும் என்று நினைத்துப் போய் நிற்காமல், கிளம்புமுன் நியூஜெர்சி டிரான்சிட் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

பாஸ்டனின் ஃபாக்ஸ்பரோ ஊரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். சௌத் ஸ்டேஷனிலிருந்து ஆட்ட நாளுக்கான சிறப்பு ரயில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதை விட்டால் ரூட் ஒன் என்ற ஒரே சாலை, அதன் நெரிசல் ஊரறிந்தது. ரயில் இருக்கை கிடைக்காவிட்டால் ஆட்ட டிக்கெட்டையே மறுயோசனை செய்வேன்.

டாலஸ் என்கிற ஆர்லிங்டன். இந்தப் போட்டியிலேயே அதிக ஆட்டங்கள் இங்கேதான், ஒன்பது, ஜூலை 14 அரையிறுதியும் சேர்த்து. மைதானம் பிரமாண்டம், தலைக்கு மேல் தொங்கும் திரையைப் பார்த்துக்கொண்டே பலர் கீழே நடக்கும் ஆட்டத்தைக் கோட்டைவிடுவார்கள். கூரை உண்டு, ஏசி உண்டு. ஆனால் ஆர்லிங்டனில் ரயில் நிலையம் மாதிரி எதுவும் மைதானத்துக்குப் பக்கத்தில் கிடையாது. சுமார் நாலு லட்சம் பேர் வாழும் ஊர், நேரப்படி ஓடும் டவுன் பஸ்கூட இல்லை என்றால் நம்ப முடிகிறதா? டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே டிஆர்இ என்று ஒரு ரயில் ஓடுகிறது, அதில் சென்டர்போர்ட் வந்து அங்கிருந்து பஸ், இதுதான் போட்டிக்கான ஏற்பாட்டின் முதுகெலும்பு. இரண்டு பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஆர்லிங்டனிலேயே மைதானத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுப்பதுதான் புத்திசாலித்தனம், விலை கூடுதல் என்றாலும் டாக்ஸி செலவில் அது கழிந்துவிடும். இன்னொன்று, மைதானத்தின் இரு முனையிலும் மிகப்பெரிய கண்ணாடிச் சுவர், மாலையில் மேற்கு வெயில் நேராக உள்ளே வரும். மாலை ஆட்டமானால் கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், ஏசி மைதானத்தில் எதற்கு என்று யோசிக்காமல்.

கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கார் நிறுத்தக் கடல், நடுவில் மைதானம், பக்கத்தில் பேஸ்பால் மைதானம். ரயிலே கிடையாது, ஊருக்குள்ளிருந்து விடும் பஸ்தான். ஆனாலும் இதை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. 2014இல் இங்கே கூட்டம் போட்ட சத்தம் 142.2 டெசிபல், கின்னஸ் சாதனை. கிண்ணம் மாதிரி குழிந்த வடிவம், மேல் வரிசையிலிருந்தும் ஆட்டம் நன்றாகத் தெரியும். பெரிய ஊர்களின் அலட்டல் இல்லாத ஊர், மக்கள் நின்று பேசுவார்கள். காலிறுதி ஒன்று இங்கே நடக்கிறது, ஜூலை 11. டிக்கெட் கிடைத்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன்.

கலிஃபோர்னியாவில் இரண்டு. இங்கிள்வுட்டின் சோஃபை ஸ்டேடியம் 2020இல் திறந்தது, பதினாறில் ஆகப் புதியது. விமான ஓடுபாதைக்குப் போகும் பாதையின் கீழே இருப்பதால் உயரமாகக் கட்ட முடியாமல் ஆடுகளத்தைத் தரைமட்டத்திலிருந்து நூறடி ஆழத்தில் வைத்தார்கள், நுழைந்ததும் மேலே ஏறாமல் கீழே இறங்குவீர்கள். கூரை இருக்கிறது, பக்கங்கள் திறந்திருக்கின்றன, கடற்காற்று வரும். அமெரிக்காவின் முதல் ஆட்டம் ஜூன் 12, இங்கேதான். மெட்ரோ கே லைனில் வந்து அங்கிருந்து ஷட்டில் பஸ். லாஸ் ஏஞ்சலஸில் 'வரைபடத்தில் பக்கம்தானே' என்பது செல்லுபடியாகாத வாதம், பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்.

சான்டா கிளாராவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எழுபது கிலோமீட்டர் பக்கம் இருக்கிறது. கோல்டன் கேட் பாலம் பார்த்துவிட்டு மாலையில் ஆட்டத்துக்குப் போகலாம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் முதல் பாதியைத் தவறவிடுவதில் முடியும். கால்ட்ரெயினில் மௌன்டன் வியூ வந்து, விடிஏ லைட் ரயிலில் கிரேட் அமெரிக்கா நிலையம், அதுதான் வழி. ஓக்லாந்து பக்கத்திலிருந்து வருபவர்கள் பார்ட் ரயிலில் மில்பிட்டாஸ் வந்து அதே லைட் ரயிலின் ஆரஞ்சு லைனைப் பிடிக்கலாம். சன்னிவேல், சான்டா கிளாராவில் தமிழ்க் குடும்பம் தெரியாத தமிழர் அபூர்வம், யாரிடமாவது உரிமையோடு கேட்டுத் தங்கிவிடுங்கள். மைதானத்தின் கிழக்குப் பக்க இருக்கைகளில் மதிய வெயில் நேராக முகத்தில் அடிக்கும், வாங்கும்போது மேற்குப் பக்கமாகப் பாருங்கள்.

மயாமியில் இருக்கைகளுக்கு மேல் நிழற்கூரை இருக்கிறது, ஆடுகளத்துக்கு மேல் இல்லை. வெயிலைவிடப் புழுக்கமும் மதியத்துக்குமேல் கொட்டும் இடிமழையும்தான் பிரச்சினை. 2024 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம் இங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது, டிக்கெட் இல்லாதவர்கள் முண்டியடித்து உள்ளே நுழைய, டிக்கெட் இருந்தவர்கள் வெயிலில் வாசலில் நசுங்கினார்கள். அதற்குப் பிறகு வாசலுக்கு வெகு முன்பே டிக்கெட்டைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் எல்லா இடத்திலும் வந்துவிட்டன. ஆகவே இங்கே மட்டுமல்ல, எங்குமே, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேர்வது அதிகமில்லை.

மெக்சிகோவை விட்டுவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. வசதி கணக்கெல்லாம் ஒரு பக்கம், மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம் ஒரு பக்கம். 1966இல் திறந்தது. 1970, 1986 இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களும் இங்கேதான், பெலே கோப்பையைத் தூக்கியதும் மரடோனா தூக்கியதும் ஒரே புல்தரையில். மரடோனா கையால் ஒன்றும், பாதி மைதானத்தை ஓடிக் கடந்து இன்னொன்றும் என இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டது 1986 ஜூன் 22, இதே இடம். மூன்று உலகக் கோப்பைகளில் ஆட்டம் நடத்தும் ஒரே மைதானம் இது. ஜூன் 11 தொடக்க ஆட்டம், மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும். 2025இல் ஒரு வங்கியின் பெயரை வைத்து எஸ்டாடியோ பனோர்ட்டே என்று மாற்றினார்கள், டாக்ஸி ஓட்டுநரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் விழிப்பார், அஸ்டெகா என்றே சொல்லுங்கள். மெட்ரோ இரண்டாம் லைனில் டாஸ்கேன்யா வரை போய், அங்கிருந்து ட்ரென் லிகேரோ என்கிற லைட் ரயிலில் போகலாம். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அப்படியே ஊட்டி உயரம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், முதல் நாள் அலையாமல் ஓய்வெடுங்கள். ஜூன் மழைக்காலம், சாயங்காலம் மழையும் குளிரும் வரும், மேலே போட ஒன்று வேண்டும்.

மான்டெரே மைதானத்தின் திறந்த பக்கம் வழியாக செரோ தே லா சியா மலை தெரியும், இந்தப் பதினாறில் ஆக அழகான காட்சி அதுதான் என்று பந்தயம் கட்டுவேன். வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குவாதலஹாரா மைதானம் எரிமலை வடிவில் புல்மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஊரின் மேற்கு விளிம்பில், பொதுப் போக்குவரத்து குறைவு. இரண்டிலும் தலா நாலு ஆட்டம்தான்.

ஒரு நேரக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ 2022இல் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டது, அமெரிக்கா விடவில்லை. அதனால் வரைபடத்தில் டெக்சாஸுக்கு நேர் கீழே இருந்தாலும் மான்டெரேயும் மெக்சிகோ சிட்டியும் டாலஸைவிட ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும். டிக்கெட்டில் இருப்பது உள்ளூர் நேரம், விமானத்தை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

இருக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அமெரிக்க மைதானங்களில் பெரும்பாலானவை அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கட்டியவை. அந்தக் களத்தின் அகலம் 49 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நம் கால்பந்துக்கு வேண்டியது 68. அந்த இருபது மீட்டரை எங்கிருந்து எடுப்பது? மெட்லைஃபில் மூலைகளில் 1,740 இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இடம் செய்தார்கள், டாலஸில் தரையையே உயர்த்துகிறார்கள். விளைவு என்னவென்றால், கீழ்ப்பகுதியின் முதல் சில வரிசைகளில், அதிலும் மூலைப் பக்கம், உட்கார்ந்தால் கிட்டத்தில் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும், பக்கத்துக் கொடியருகே நடப்பது விளம்பரப் பலகைக்குப் பின்னால் மறையும், எதிர்ப்பாதியில் நடப்பது புகைமூட்டம்தான். அதே காசுக்கு, இல்லை குறைந்த காசுக்கே, இரண்டாம் தட்டின் முன்வரிசை எடுத்தால் ஆட்டத்தின் வடிவம் முழுக்கத் தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமாக உட்காருவதும் எனக்குப் பிடிக்கும், பாட்டும் கொட்டும் அங்கேதான். டொரொண்டோவும் மூன்று மெக்சிகோ மைதானங்களும் கால்பந்துக்கென்றே கட்டியவை, அங்கே இந்தக் கவலை குறைவு. எட்டு மைதானங்களில் செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு இயற்கைப் புல் விரிக்கிறார்கள், கூரை போட்ட இடங்களில் வெயிலுக்குப் பதில் விளக்கு வைத்து வளர்க்க வேண்டியிருக்கிறது, மிஷிகன் ஸ்டேட், டென்னஸி பல்கலைக்கழகங்களின் புல் ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக இதற்கே உழைத்திருக்கிறார்கள். ரசிகருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, வீரர்களின் முழங்காலுக்கு உண்டு.

வெயிலும் இடியும். 2025 கிளப் உலகக் கோப்பையிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. அமெரிக்க மைதானங்களில் எட்டு மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டருக்குள் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், கடைசி மின்னலிலிருந்து முப்பது நிமிடம் அமைதியாகப் போனால்தான் மறுபடி. நடுவில் இன்னொன்று அடித்தால் கடிகாரம் திரும்ப ஆரம்பத்திலிருந்து. ஷார்லட்டில் செல்சி, பென்ஃபிகா ஆட்டம் இப்படித்தான் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றது. இருக்கையை விட்டு உள் நடைபாதைக்குப் போகச் சொல்வார்கள், வெளியே போய்விடாதீர்கள், திரும்ப விடுவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. இதனாலேயே ஆட்டம் முடிந்த இரவே விமானம் போடாதீர்கள், மறுநாள் மதியம் போடுங்கள். வெப்பத்துக்காக ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை எல்லா ஆட்டத்திலும் உண்டு, கழிப்பறைக்கு ஓடி வர அதுவே நல்ல நேரம்.

உள்ளே கொண்டுபோகும் பை விஷயத்தில் பிடிவாதமாக இருப்பார்கள். அமெரிக்க மைதானங்களின் வழக்கம், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பை மட்டும், அகலமும் உயரமும் 12 அங்குலம், ஆழம் 6 அங்குலம் தாண்டக்கூடாது. மற்றபடி உள்ளங்கை அளவுக் கைப்பை. முதுகுப்பையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், அதை வைக்க இடம் தேடி அலைய வேண்டியதுதான். குடையும் பெரும்பாலும் அனுமதியில்லை, மடிக்கும் மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் ஃபிஃபா செயலியில் ஃபோனில்தான் வரும், காகிதம் கிடையாது, ஆக ஃபோன் செத்தால் டிக்கெட்டும் செத்தது. பவர் பேங்க் கட்டாயம். மூன்று நாடுகளிலும் மின்சாரம் 120 வோல்ட் அளவுதான், தட்டை முள் பிளக்கு, ஒரே அடாப்டர் எல்லா இடத்துக்கும் போதும்.

விலையைப் பற்றி: இந்த முறை டிக்கெட் விலை நிலையாக இல்லை, தேவைக்கேற்ப ஏறி இறங்கும் முறை. 60 டாலரில் ஆரம்பம் என்று விளம்பரம், அந்த விலையில் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அங்கேயே வாங்குங்கள், தெருவில் கிடைக்கும் ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் எதற்கும் உதவாது. ஆட்ட நாள் நெருங்க நெருங்க, பிரபலமில்லாத இரண்டு அணிகள் பெரிய மைதானத்தில் ஆடும் ஆட்டத்துக்குத்தான் விலை சரிய வாய்ப்பு. ஆர்லிங்டன், ஹூஸ்டன் குரூப் ஆட்டங்களை அப்படிக் கண்ணில் வைத்திருங்கள்.

கடைசியாக விசா, உண்மையில் முதலில் செய்ய வேண்டியது. ஆட்ட டிக்கெட் இருந்தால் விசா தருவார்கள் என்று அர்த்தமில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்கு அமெரிக்க விசா நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க ஃபிஃபா பாஸ் என்று ஒரு ஏற்பாடு அறிவித்தார்கள், அது தேதிக்கு மட்டும்தான், முடிவு அதிகாரி கையில். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடாவுக்குத் தனி விசா வேண்டும், அமெரிக்க விசாவைக் காட்டி நுழைய முடியாது. மெக்சிகோ அப்படி இல்லை, செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் சுற்றுலாவுக்கு அதை வைத்தே விடுகிறார்கள். ஆகவே அமெரிக்க விசா ஏற்கெனவே கையில் இருப்பவர் சியாட்டில், வான்கூவர் என்று யோசிப்பதைவிட ஹூஸ்டன், மெக்சிகோ சிட்டி என்று யோசிப்பது காகித வேலையைப் பாதியாக்கும், அஸ்டெகாவையும் பார்த்த மாதிரி ஆச்சு. ஒன்று மட்டும், அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதாக இருந்தால் உங்கள் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று விமானம் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.